கடலுக்குத் தமிழ் தெரியாதென்றான் மச்சான்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைத்தால் மற்றதெல்லாம் எவ்வளவு பெரிசு என்று உங்களுக்கு எப்படி விளங்கும்? ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு லயத்தில், மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை மாறுகிற காம்பராவில் பிறந்து, கண்டி டவுனில் மூன்று மாடிக் கடை கட்டினேன். வங்கி மனேஜர் என்னைக் கதிரையில் உட்காரச் சொல்வதற்குப் பல வருடம் எடுத்தது. அதற்குள் அவருடைய வங்கிக்கே நான் மின்விசிறி விற்றுவிட்டேன். ஹேவாஹெட்டப் பக்கம் எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் மரத்தில் கட்டியிருக்கிற லவுட்ஸ்பீக்கர் என்னுடையது. நாவலப்பிட்டியில் ஒரு கிளை. கலவரத்தில் ஒரு கடை எரிந்தது. எரிந்த இடத்திலேயே ஓர் அடி அகலமாகக் கட்டினேன். பக்கத்துக்காரர் அந்த ஓர் அடிக்கு இன்னும் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும்.

இதற்கெல்லாம் ஊர் எனக்கு மாலை போட்டிருக்கிறது. ஆனால் நான் முதன்முதலில் செய்த பெரிய காரியத்துக்கு மட்டும் இன்றுவரை ஒரு பூக்கூட விழவில்லை. அதற்கான மாலை முழுவதும் என் மாமா மகன் கழுத்துக்குப் போனது. கடலைக் கண்ணால் பார்த்திராத இரண்டு பையன்கள், கண்டி மலையில் இருந்துகொண்டு, கடலில் ஒரு பாய்மரப் படகைக் காப்பாற்றிய கதை அது. மச்சான் சொன்னால் அதில் ஒரு பையன்தான் வருவான்.

எங்கள் லயத்துக்கு மேலே, மலை முடிகிற இடத்தில், ஒரு பழைய பங்களா. அதில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் தனியாக இருந்தார். பல வருடம் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்கள் அவரைக் கப்பல் ஐயா என்பார்கள். என் அப்பா அவருக்குத் தோட்ட வேலை செய்தார். கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்து மலையில் ஏன் குடியிருக்கிறார் என்று அப்பாவிடம் கேட்டேன். "அவருக்கு இழுப்பு. குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாராம். இவர் குளிருக்கே வந்துட்டாரு. படிச்சவங்க அப்படித்தான்" என்றார் அப்பா.

உண்மைக் காரணம் உயரம். வீட்டின் முன்னறையில் அலுமாரி அளவுக்கு ஒரு கடல் ரேடியோ வைத்திருந்தார். அதற்கு அரசாங்க அனுமதியும் இருந்தது. காலிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் சின்னப் பாய்மரப் படகுகளில் வருவார்கள். புருசன் பெண்சாதி இரண்டு பேர் மட்டும் ஒரு படகில் உலகத்தைச் சுற்றுகிற ஆட்கள். தெற்குக் கடலிலோ பெரிய கப்பல்கள் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும். பெரிய கப்பலின் மேல்தட்டில் நிற்பவனுக்குக் கீழே அலைக்குள் கிடக்கிற மரப்படகு தெரியாது. அதனால் படகுக்காரன்தான் ரேடியோவில் கூப்பிட்டு, நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசைக்குப் போகிறேன், என்னைத் தெரிகிறதா என்று கேட்கவேணும். பெரியவன் தெரிகிறது என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேணும்.

"கப்பலுக்கு பிறேக் இல்லைத் தம்பி. கண்டாப் பிறகும் மைல் கணக்கிலை ஓடித்தான் நிக்கும்" என்பார் கப்பல் ஐயா.

படகுகளின் ரேடியோ சின்னது. பெட்டரி இறங்கினால் குரல் கொசு மாதிரி ஆகிவிடும். அந்தக் கொசுக்குரலைப் பிடித்து, தன்னுடைய பெரிய ரேடியோவால் கப்பல்களுக்குத் திருப்பிச் சொல்வதுதான் ஐயாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவராக எடுத்துக்கொண்டது.

அந்த அறையில் ஒரு மணிக்கூடு இருந்தது. முகத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு வர்ணம் அடித்திருக்கும். முள் சிவப்புக்குள் போனால் மூன்று நிமிடத்துக்குக் கடலில் இருக்கிற அத்தனை கப்பல்களும் வாயை மூடவேணுமாம், குரல் மெலிந்தவன் பேசுவதற்காக. குரல் பெருத்தவனெல்லாம் அடங்கி, குரல் இல்லாதவனைப் பேசவிடுகிற அப்படியொரு வழக்கத்தை நான் பிறகு வேறெங்கும் பார்க்கவில்லை. தோட்டத்திலும் இல்லை, சங்கத்திலும் இல்லை, நகரசபையிலும் இல்லை. அந்த நேரத்தில் வெளியே அப்பாகூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவார். எனக்குத்தான் அடங்கியிருப்பது கஷ்டம். மலைக்கு மலை கூப்பிடுகிற குரல் என்னுடையது. எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற ஆளுக்குச் செய்தி என்றால் எங்கள் லயத்தில் என்னைத்தான் வாசலுக்குக் கூப்பிடுவார்கள். ரேடியோ எதற்கு, என்னை மலையுச்சியில் ஏற்றிவிட்டால் காலிக்குக் கேட்காதா என்று நான் நினைத்ததுண்டு.

ரேடியோவில் எனக்கும் பங்கிருந்தது. அதன் கம்பி பங்களாக் கூரையிலிருந்து புறப்பட்டு, வளவு மூலையில் நின்ற டர்பன்டைன் மரத்து உச்சிக்குப் போகும். காற்றில் கட்டுத் தளர்ந்தால் ஏறிக் கட்டுகிறவன் நான். நெஞ்சைக் கிழிக்காமல் அந்த மரத்தில் ஏறக்கூடிய ஆள் எங்கள் பிரிவிலேயே வேறு இல்லை. இறங்கி வந்ததும் ஐயா ஒரு பிஸ்கட் தருவார். மைக்கைத் துடைக்கச் சொல்வார். கறுப்பு மைக், பக்கத்தில் ஒரு பட்டன். அமத்தினால் நீங்கள் பேசலாம். எடுத்தால் மற்றவன் பேசுவது கேட்கும். இரண்டும் ஒன்றாக நடக்காது. துடைக்கும்போது அந்தப் பட்டனை என் விரல் சுற்றிச்சுற்றி வரும். அமத்தவில்லை. ஒருநாள் ஐயாவே அமத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் சித்திரை விடுமுறைக்கு மச்சான் வந்தான்.

மாமாவுக்கு நாவலப்பிட்டியில் கடை. மச்சானுக்கு என் வயதுதான். ஆனால் சப்பாத்து, காலுறையாக மேசு, கால்சட்டைப் பையில் மூக்குத் துடைக்க மடித்த லேஞ்சி. இங்கிலீசு சொல்லித்தருகிற பள்ளிக்கூடம். அவன் வந்த அன்றே எங்கள் வீட்டு முட்டை அவன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது. "மச்சானைப் பாருடா, ஒரு பருக்கை சிந்தாம எப்படிச் சாப்பிடுறான்" என்றாள் அம்மா. முட்டை இருந்தால் நானும் சிந்தாமல் சாப்பிடுவேன் என்று சொன்னேன். அதற்கு ஓர் அடி விழுந்தது.

எனக்கு இருந்த ஒரே பெருமை பங்களா. அதைக் காட்டலாமென்று அவனைக் கூட்டிப்போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த நட்டக்கணக்குகளில் அதுதான் முதலாவது. கப்பல் ஐயா அவனிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான். அவர் மறுபடி கேட்டார், அவன் மறுபடி சொன்னான். அவர் முகம் விரிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணித்தியாலத்தில் அவன் கதிரையில் உட்கார்ந்திருந்தான். மைக் அவன் கையில் இருந்தது.

"அமத்தும் தம்பி. அமத்திப் போட்டுச் சொல்லும். சொன்ன உடனை கையை எடும். எடுத்தால்தான் அவன் சொல்லுறது கேக்கும்" என்றார் ஐயா.

மச்சான் அமத்தினான். எங்கேயோ ஒரு கப்பல் அவனுக்குப் பதில் சொன்னது. என்னைப் பார்த்து ஐயா சொன்னது, "மோனை, அந்தக் கயிறு கொஞ்சம் தளர்ந்து கிடக்கு, ஒருக்கால் ஏறிப் பார்" என்பதுதான்.

திரும்பி வரும்போது தேயிலைக்குள் வைத்து அவனைக் கேட்டேன்.

"என்னடா சொன்ன அதுல?"

"சும்மா, கேக்குதான்னு கேட்டேன்."

"நாளைக்கு நான் ஒரு தடவ பேசுறேன்டா."

"இங்கிலீசுல பேசணும்டா. கடலுக்குத் தமிழ் தெரியாது."

கம்பியைக் கட்டினவன் நான், மைக்கைப் பளபளப்பாக்கினவன் நான், கடைசியில் கடலுக்குத் தமிழ் தெரியாதாம். அவன் தடுக்கி விழவேணும், காய்ச்சல் வரவேணும், மாமா வந்து கூட்டிப்போகவேணும் என்று கோயில் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் தினமும் பங்களாவுக்குப் போனான். கப்பலின் பேரை மூன்று தடவை கூப்பிடுவது, இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்வது எல்லாம் பழகிக்கொண்டான். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவுக்கு அதையெல்லாம் சொல்லிக்காட்டுவான். அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி போடுவாள்.

அவன் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரிய மழை பிடித்தது. அப்பா வேலையை விட்டுப் பங்களா விறாந்தையில் ஒதுங்கினார். நானும் நின்றேன். உள்ளே மச்சானும் ஐயாவும். மணிக்கூட்டு முள் சிவப்புக்குள் போனது. மழைச் சத்தத்துக்கு நடுவில் ரேடியோவில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஐயா காதைப் பெட்டியோடு ஒட்டினார்.

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அந்தக் குரல் பயந்திருக்கிறது என்று தெரிந்தது. ஐயாவே அப்பாவுக்குத் தமிழில் சொன்னார்: "காலிக்குத் தெற்கை ஒரு பாய்ப்படகு. காத்து விழுந்து அசையாமல் கிடக்காம். எஞ்சினும் வேலை செய்யேல்லை. மழையிலை ஒண்டும் தெரியேல்லை, ஆனால் பெரிய கப்பல் ஒண்டின்ரை ஊதல் கிட்டக் கேக்குதாம்."

கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய கப்பல் கொழும்போடு பேசித் தன் இடத்தைச் சொன்னதை அவர் கேட்டிருந்தார். கடல் படத்தில் ஒரு விரலைக் கப்பலின் இடத்திலும் இன்னொரு விரலைப் படகின் இடத்திலும் வைத்தார். இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன. படகு கூப்பிட்டது கப்பலுக்குக் கேட்கவே இல்லை.

ஐயா மைக்கை எடுத்துக் கப்பலைக் கூப்பிடத் தொடங்கினார். ஒரு தடவைதான் கூப்பிட்டார். மழைக் குளிரோ பதற்றமோ, இழுப்பு வந்துவிட்டது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. முகம் நீலமாகியது. மைக்கை மச்சான் கையில் திணித்து, படத்தைக் காட்டினார். "சொல்லு... நீ சொல்லு..." அப்பா அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக் கட்டிலுக்கு ஓடினார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு சத்தம். மரத்துக் கயிறு அறுந்து கம்பி தேயிலைச் செடிகள்மேல் விழுந்துகிடந்தது. ரேடியோப் பெட்டியில் ஆடிக்கொண்டிருந்த அளவு முள் படுத்துவிட்டது. மச்சான் என்னைப் பார்த்தான். அப்போதுதான், அந்த விடுமுறையிலேயே முதல் தடவையாக, அவனுக்கு நான் தேவைப்பட்டேன்.

"கம்பிடா" என்றான்.

நான் ஓடினேன். கம்பி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் அந்த மரத்தில் ஏறினேன். வழுக்கும் பட்டை, கண்ணுக்குள் தண்ணீர். இன்றைக்கு என் கடைப் பையன்களை அப்படி ஏறச் சொன்னால் தொழிற்சங்கம் வந்துவிடும். மேலே போய்ப் பார்த்தால் கட்டுவதற்குக் கயிறு மிச்சமில்லை. ஒரு கிளையைக் காலால் பின்னிக்கொண்டு, கம்பி முனையிலிருந்த பீங்கான் குமிழைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன்.

தூக்கினேனோ இல்லையோ, உள்ளங்கையில் ஏதோ கடித்தது. குளவி என்று நினைத்தேன். விட்டது. மறுபடி கடித்தது. பீங்கான் நனைந்திருந்தது, கம்பி நுனி உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. மச்சான் பேசுகிற நேரமெல்லாம் கம்பி கடிக்கிறது என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கடித்தது, விட்டது. கடித்தது, விட்டது. அவன் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் என் கையில் சூடு விழுந்தது. கதிரையில் அவன், கிளையில் நான். பேச்சு அவனுக்கு, சூடு எனக்கு.

பிறகு ஒரு கடி வந்தது. அது விடவில்லை.

கடித்தபடியே நின்றது. தோல் தீய்கிற வாசம் மழையிலும் எனக்கு வந்தது. என்னடா இவன், முடிக்கவேமாட்டானா? தேர்தல் கூட்டத்தில் மைக் கிடைத்தவன் மாதிரி பேசிக்கொண்டே இருக்கிறானா? முட்டையும் அவனுக்கு, கதிரையும் அவனுக்கு, கடலும் அவனுக்கா? என் வயிற்றில் அத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தது அப்படியே தொண்டைக்கு ஏறியது. மலைக்கு மலை கூப்பிடுகிற குரலால், எதிர்மலைக் கொழுந்துக்காரிகள் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி, கத்தினேன்.

"கையை எடுடா! போதும்டா நீ பேசினது! கையை எடுடா!"

கடி நின்றது.

உடனே பங்களாவிலிருந்து ஓர் ஆம்பளைக் குரல், தடித்த குரல், மழையையும் தாண்டி வந்தது. கப்பல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மீதியை ஊர் அறியும். மச்சான் படகின் இடத்தைச் சொன்னான், கப்பல் திரும்பியது. படகிலிருந்த பொம்பளை, கப்பலின் சுவர் தன் பாயை ஒட்டிக்கொண்டு போனதைச் சொல்லி ரேடியோவிலேயே அழுதாள். ஐயாவுக்கு மூச்சுத் திரும்பியது. அவர் கட்டிலில் படுத்தபடி மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் அவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்துக்கே கூட்டிப்போய்விட்டார்கள். போகுமுன் தன் தூரக்கண்ணாடியை மச்சானுக்குக் கொடுத்தார். எனக்குக் கைக்குப் பூசக் களிம்பு கொடுத்தார். மாமா நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்து லயம் முழுக்கப் பங்கிட்டார். மகன் கப்பலைத் திருப்பிவிட்டானே! எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, லயத்தில் எல்லாருக்கும் கிடைத்த மாதிரி. மழையில் மரம் ஏறினதற்கு அப்பாவிடம் கிடைத்தது வேறு.

மச்சான் படித்தான். கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்த்தான். அந்தக் கதையைச் சொல்லாத மேடை இல்லை. அவன் சொல்லும்போது மழை வரும், இழுப்பு வரும், படகுப் பொம்பளை அழுவாள். கம்பி மட்டும் அறுந்துவிழாது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன், தழும்பு உள்ள கையால்.

நானும் பல காலம் அதைக் கம்பி பிடித்த கதையாகத்தான் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள், கடையில் வேலை செய்கிற பையன் ஒரு டாக்சி ரேடியோவைத் திறந்து வைத்திருந்தான். நான் அதன் ஏரியல் நுனியைத் தொட்டேன். பழைய கடி! "முதலாளி, பட்டனை அமத்தியிருக்கேன், தொடாதீங்க" என்றான். "நீ ஒண்ணும் பேசலையே" என்றேன். "பேசத் தேவையில்ல முதலாளி. அமத்தினாலே கடிக்கும். அமத்துற வரைக்கும் மற்றப் பக்கத்து ஆள் பேசினா நமக்குக் கேக்காது."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். பழைய ரேடியோக்களும் அப்படித்தானா என்று கேட்டேன். பழசு இன்னும் மோசம் என்றான். அன்றைக்கே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். மச்சான் வீட்டு வாசலில் வைத்தே கேட்டேன்.

"அன்னைக்கு மரத்துல நான் இருக்கும்போது, நீ என்ன பேசிக்கிட்டிருந்த?"

அவன் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"ஒண்ணும் பேசல" என்றான்.

"அமத்திக்கிட்டு இருந்தியே."

"மூணு தடவ கூப்பிட்டேன், பதில் இல்ல. நாலாவது தடவ அமத்தினேன். வாய் வரல. விரலும் வரல. பட்டன்மேல அப்படியே ஒட்டிப்போச்சு. ஐயா சாகிறார்னு நினைச்சேன், அந்தப் படகு போச்சுன்னு நினைச்சேன். அழுதுகிட்டு அமத்திக்கிட்டே இருந்தேன். நீ கத்தின சத்தத்துலதான் கை துள்ளி எடுபட்டுச்சு. எடுத்த உடனே கப்பல்காரன் பேசுறான். அவன் அதுக்கு முன்னமே பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கான். நான்தான் அமத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

கடலுக்குத் தமிழ் தெரியாதென்று சொன்னவனின் கையைக் கடைசியில் எடுக்கவைத்தது என் தமிழ்தான். அதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். சாப்பிட்டுப் போகச் சொன்னான். முட்டை பொரித்துப் போட்டார்கள்.

மரத்தில் தொங்கின பையனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கையைச் சுடுவது மச்சானின் பெருமை என்று நினைத்தான். அது மச்சானின் பயம். கீழே இருந்தவன் பேச்சை நிறுத்தாமல் பேசுகிறான் என்று பொறாமையில் கத்தினான். கீழே இருந்தவனுக்குப் பேச்சே வரவில்லை. இது நடந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு, ஓர் ஏரியல் நுனியைத் தொட்டுத்தான் நான் இதைப் படித்தேன். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

ஆனபடியால் மச்சானுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த மாதம் உன் பேத்தி கல்யாணம். கண்டியில்தான் வைக்கிறீர்கள். உன்னை யாராவது மேடைக்குக் கூப்பிடுவார்கள், நீயும் கதையைத் தொடங்குவாய். சொல்லு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கம்பி அறுந்ததென்று சொல்லு. மரத்தில் ஒருத்தன் இருந்தானென்று சொல்லு. அவன் கத்தினானென்று சொல்லு. பொறாமையில் கத்தினானென்றே சொல்லு, எனக்கு வெட்கமில்லை. அந்தப் பொறாமை இல்லாவிட்டால் அந்தப் படகும் இல்லை. என் பங்கு எனக்கு வரவேணும். மண்டபத்துக்கு மைக்கும் வயரும் வரப்போவது என் கடையிலிருந்து என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

சொல்லி முடித்ததும் பட்டனிலிருந்து கையை எடு. எனக்கும் பேச இருக்கிறது.